மிஸ்ஸிங் என்று எழுதிய பிள்ளை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் ஆங்கிலத்துக்கு இருப்பது இரண்டே பேர். ஒரே கலாசாலையில், ஒரே விடுதி அறையில் இருந்து பயிற்சி முடித்து வந்தவர்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் தமிழ். ஆசிரியர் அறையில் எங்களுக்கு ஒரே மேசை, ஒரே சிவப்புப் பேனை டப்பா. கொப்பிக் கட்டைப் பாதியாகப் பிரித்துத் திருத்துவோம். ஒருவர் களைத்துப் போனால் மற்றவர் மிச்சத்தையும் எடுத்துக்கொள்வார். ஆகவே கீழே வரப்போகும் பிழையை யார் செய்தது என்று பிரித்துச் சொல்ல விரும்பவில்லை. நாங்கள் செய்தோம்.

பத்தாம் ஆண்டுக்கு அந்த மாதம் பெயரடைகள் படிப்பித்துக்கொண்டிருந்தோம். ஒத்த கருத்துள்ளவை என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் சொற்கள்தான் பாடம். டியூஷன் வகுப்புகளில் ஒரு தாள் கொடுப்பார்கள். இடது பக்கம் ஒரு சொல், வலது பக்கம் ஒரு சொல், நடுவில் சமன் குறி. தின் சமன் ஸ்லிம். ஃபேமஸ் சமன் நொட்டோரியஸ். அந்தச் சமன் குறிதான் எங்கள் முதல் எதிரி. ஃபேமஸுக்கும் நொட்டோரியஸுக்கும் அகராதியில் 'பெயர்பெற்ற' என்று பார்த்துவிட்டு, "எங்கள் அதிபர் மிகவும் நொட்டோரியஸ்" என்று பரிசளிப்பு விழாப் பேச்சில் எழுதிவந்த பிள்ளையை மேடை ஏறுவதற்கு முதல் நாள்தான் பிடித்தோம். அதிபர் இந்தப் பதிவைப் பார்த்தால் மன்னிக்க வேண்டும். நாங்கள் பிடித்துவிட்டோம் சேர், அதுதான் முக்கியம்.

கலாசாலையில் எங்களுக்கு வாய்த்த விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி ஒன்று சொல்வார். ஒரே வேலைக்கு இரண்டு பேரை வைத்து எந்த மொழியும் சம்பளம் கொடுக்காது என்று. இரண்டு சொல் இருந்தால் இரண்டு வேலை இருக்கும், போய்த் தேடுங்கள் என்பார். அகராதியில் தேடாதீர்கள், சனங்களின் வாயில் தேடுங்கள் என்பார்.

அதைத்தான் வகுப்பில் செய்தோம். ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டு ஊர்க் கதைக்குப் போனோம். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பிள்ளை பிடித்திருந்தால் என்ன சொல்வார்கள்? 'மெல்லிசான பிள்ளை'. பிடிக்காவிட்டால்? 'காஞ்சு போய்க் கிடக்கு'. பிள்ளை ஒன்றுதான், நிறையும் ஒன்றுதான். முதலாவது ஸ்லிம், இரண்டாவது ஸ்கின்னி. நடுவில் ஒரு பக்கமும் சாயாமல் நிற்பது தின். வகுப்பே சிரித்தது, பிறகு யாரும் பிழை விடவில்லை. கடல் தண்ணீர் உப்பு, எங்கள் ஆற்றுத் தண்ணீர் சவர். வெளியூர் ஆட்கள் அதை வாவி என்பார்கள், எங்களுக்கு அது ஆறுதான். இரண்டையும் சோல்ட்டி என்று எழுதினால் ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளைக்கே வெட்கம். சவருக்கு ஆங்கிலத்தில் ப்ரக்கிஷ் என்று தனிச் சொல் இருக்கிறது என்றதும் முன்வாங்குப் பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோசம். தங்கள் கிணற்றுக்கும் ஒரு இங்கிலீசுச் சொல் கிடைத்துவிட்டது.

பச்சை மீனை க்ரீன் ஃபிஷ் என்று எழுதுகிறவர்களும் எங்களிடம் இருக்கிறார்கள். அதைத் திருத்தும்போதும் ஃபிரெஷ் வேறு, ரோ வேறு என்று சொல்லத்தான் வேண்டும். ஃபிரெஷ் மீன் சந்தையில் இருப்பது. அதையே சமைக்காமல் கோப்பையில் வைத்தால் ரோ. சரி, இந்தக் கதை போதும்.

அடுத்த பாடத்துக்கு 'இல்லை' என்பதை எடுத்தோம். ஒரு ஆள் இங்கே இல்லை. ஏன் இல்லை என்பதைப் பொறுத்து ஆங்கிலத்தில் பெயரடை மாறும்.

எப்ஸன்ட் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தது. காலையில் இடாப்புக் கூப்பிடும்போது 'ஏபி' என்று போடுவோமே, அதுதான். வரவேண்டிய இடத்துக்கு வரவில்லை, ஆனால் வேறெங்கோ சுகமாக இருக்கிறார், நாளைக்கு வருவார். லொஸ்ட் என்றால் வழி தெரியாமல் நிற்கிறார். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. என் கணவர் லொஸ்ட் என்றால் அவர் எங்கோ சந்தியில் பாதை விசாரித்துக்கொண்டு நிற்கிறார் என்று பொருள். ஆனால் நான் என் கணவரை லொஸ்ட் என்று வினையாக்கிச் சொன்னால் அவர் மௌத்தாகிவிட்டார். லேட் என்றால் பாடசாலைக்குப் பிந்தி வந்தவர் என்பதுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். பெயருக்கு முன்னால் வந்தால் மர்ஹூம் என்று பொருள் என்றோம். "மௌத்தானவங்க ஏன் டீச்சர் லேட்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

மிஸ்ஸிங்குக்கு உதாரணமாகப் புத்தகத்தில் கிழிந்துபோன பக்கத்தையும், விழுந்த பல்லையும், பரீட்சைத் தாளில் வரும் விடுபட்ட சொற்களையும் சொன்னோம். இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதது. ஆட்களுக்கு வரும்போது எங்கே என்று தெரியாதவர். அவ்வளவுதான் சொன்னோம். மணி அடித்துவிட்டது.

வீட்டு வேலையாக 'மை கிரேண்ட்மதர்' என்று ஒரு பந்தி. படித்த பெயரடைகளில் மூன்றாவது வரவேண்டும். 42 கொப்பிகள் வந்தன. நாற்பதிலும் மூத்தம்மா கைன்ட், மூத்தம்மா ஓல்ட், மூத்தம்மாவின் வட்டிலப்பம் டேஸ்ட்டி. அதற்குள் ஒரு கொப்பியில் இப்படி ஒரு வசனம். தமிழில் சொன்னால்: 'அவருடைய கணவர் 1990 இலிருந்து மிஸ்ஸிங்.' கீழே, அவருடைய கடைச் சாவியை மூத்தம்மா இன்னும் வைத்திருக்கிறார் என்று இன்னொரு வசனம்.

நாங்கள் கணக்குப் போட்டோம். 1990. 34 வருடம். ஆங்கிலத்தில் இப்படி எழுத மாட்டார்கள், பிள்ளை பாடத்தில் படித்ததைக் கொண்டுவந்து திணித்திருக்கிறது என்று நினைத்தோம். மிஸ்ஸிங்கைச் சிவப்புப் பேனையால் கீறி, மேலே லேட் என்று எழுதினோம். ஓரத்தில் 'சரியான பெயரடையைப் பாவிக்கவும்' என்றும் போட்டோம். பத்துக்கு ஏழு.

அடுத்த நாள் கொப்பி கொடுத்து முடிந்து, எல்லோரும் வெளியே போன பிறகு அந்தப் பிள்ளை மேசைக்கு வந்தது. அழவில்லை, கோபிக்கவும் இல்லை. ஒரு எழுத்துப்பிழையைக் காட்டித் தருவது போலத்தான் சொன்னது.

"டீச்சர், எங்கட மூத்தாப்பா லேட் இல்ல."

1990 நடந்தபோது எங்களுக்கு இரண்டு வயதும் இருந்திருக்காது. ஆனால் இந்தக் கரையில் வளர்ந்த யாருக்கும் தெரியாதென்று சொல்ல முடியாது. அந்த வருடம் ஜூலை 12 ஆம் திகதி, கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகளைக் குருக்கள்மடத்தில் புலிகள் மறித்தார்கள். ஹஜ்ஜை முடித்துவிட்டு வந்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். அவர்களின் ஜனாஸாக்கள் ஊருக்கு வரவே இல்லை. புதைத்த இடம் என்று சொல்லப்படுவதைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை 2014 இல் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றம் வரை போனது. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 3 ஆம் திகதி, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அவர்களுக்குக் கபுறு இருக்கிறது, ஷுஹதாக்கள் என்ற பெயர் இருக்கிறது, வருடத்தில் ஒரு நாள் இருக்கிறது. குருக்கள்மடத்தில் இறக்கப்பட்டவர்களுக்கு என்ன பெயரடை வைப்பது என்பதில் வீடுகளுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. இதெல்லாம் தெரிந்திருந்தும் அந்தக் கொப்பியில் 1990 என்ற இலக்கத்தைக் கண்டபோது எங்களுக்குத் தோன்றியது இலக்கணம் மட்டும்தான்.

அன்று பின்னேரம் அகராதியை எடுத்தோம். ஹோர்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் படிப்பித்த காலத்தில், பிறமொழிக்காரப் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்று பார்த்துத் தொகுத்த அகராதி அது. 1942 இல் டோக்கியோவில் வந்தது, பிறகு ஒக்ஸ்போர்டு 1948 இல் எடுத்துப் போட்டது. கலாசாலையில் எங்களுக்கு அதுதான் இரண்டாவது குர்ஆன் என்று பகிடியாகச் சொல்வோம், மற்றவர் இரண்டாவது திருவாசகம் என்பார். லிப்கோவில் ஒரு சொல்லுக்கு நேரே அதன் பொருள் இருக்கும். ஹோர்ன்பியில் அந்தச் சொல் யாரோடு பழகும், எங்கே வராது என்பதும் இருக்கும்.

மிஸ்ஸிங் என்ற சொல்லை அன்றைக்குத்தான் நாங்கள் உண்மையில் பார்த்தோம். அது மிஸ் என்ற வினையிலிருந்து வந்த பெயரடை. மிஸ் பண்ணுவது யார்? வீட்டில் இருப்பவர். ஆனால் மிஸ்ஸிங் என்று சொல்லப்படுபவர் யார்? போனவர். தேடுகிற ஒருவர் வீட்டில் இருந்தால்தான் போனவர் மிஸ்ஸிங். யாரும் எதிர்பார்க்காத ஆளை அப்படிச் சொல்ல முடியாது. 34 வருடம் நீண்டது என்று நாங்கள் கீறியது அவருடைய நிலைமையை அல்ல, மூத்தம்மாவின் எதிர்பார்ப்பை. லேட் என்ற சொல்லுக்கு வேறு குணம். அது சொல்பவருக்கு மரணம் உறுதி என்று வாக்குமூலம் கொடுக்கிறது. அந்த வாக்குமூலத்தை ஒரு சிவப்புப் பேனை கொடுத்துவிட்டது.

தமிழ் இதில் நேர்மையா என்றால் அதுவும் இல்லை. 'மறைந்த' என்ற சொல்லைப் பாருங்கள். இறந்தவருக்கு மரியாதையாக அதைத்தான் போடுகிறோம். ஆனால் நேர்ப்பொருளில் அது கண்ணில் படாமல் போனவர் என்பதுதான். மறைந்த தலைவர் என்றால் செத்துப்போனவர், முகிலில் மறைந்த நிலா என்றால் திரும்பி வரும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் குழம்பாமல் இருந்திருக்கிறோம்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளையின் உம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பயந்துகொண்டுதான் போனோம். கொப்பி விடயம் அல்ல. கொழும்பிலிருந்து ஒரு அமைப்பு விபரம் திரட்டுகிறதாம். ஒரு படிவமும், ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதமும் கேட்டிருக்கிறார்கள். "நீங்க ரெண்டு பேரும் எழுதித் தந்தாப் பெரிய உதவி டீச்சர்" என்றார்.

ஆற்றங்கரைக்கு இரண்டு வளவு தள்ளி வீடு. மூத்தம்மா எழுபதை நெருங்கியவர். நாங்கள் இருவருமே அவரை மூத்தம்மா என்றுதான் கூப்பிட்டோம். இஞ்சி போட்ட ப்ளேன்டீ வந்தது. படிவத்தை விரித்தோம்.

முதல் பக்கத்திலேயே பெயரடை. விண்ணப்பிப்பவரின் குடியியல் நிலை: மரீட், விடோட், டிவோர்ஸ்ட், சிங்கிள். மூத்தம்மா யோசிக்கவே இல்லை. "கலியாணம் முடிச்ச ஆள்" என்றார். மரீட் என்று புள்ளடி போட்டோம். அவருடைய மகன் தொண்ணூறுகளின் கடைசியில் காணி மாற்றுவதற்காக ஒரு மரணச் சான்றிதழ் எடுத்திருக்கிறார். அது பெட்டியில் இருக்கிறது. மூத்தம்மா அதைக் கையால் தொட்டதில்லை என்று மகள் சொன்னார். "உம்மா இத்தாவும் இருக்கல்ல."

இதை மற்ற சமூகத்து நண்பர்களுக்கு விளக்க வேண்டும். கணவன் மௌத்தானால் மனைவி 4 மாதமும் 10 நாளும் இத்தா இருக்க வேண்டும். குர்ஆன் சொல்லும் கணக்கு அது. ஆனால் கணவன் மௌத்தானாரா என்றே தெரியாவிட்டால்? அப்படிப்பட்டவருக்கு மார்க்கச் சட்ட நூல்களில் ஒரு பெயர் இருக்கிறது: மஃப்கூத். எங்கள் ஷாபிஈ மத்ஹபில் இதற்கு இரண்டு கருத்து. பழைய கருத்து, நான்கு வருடம் காத்திருந்து, பிறகு இத்தா இருந்து, விரும்பினால் மறுமணம் செய்யலாம் என்பது. புதிய கருத்து, மரணம் உறுதியாகும் வரை அவள் அவனுடைய மனைவிதான் என்பது. மர்ஹூம், மஃப்கூத். இரண்டும் அரபியில் ஒரே அச்சில் வார்த்த சொற்கள், இரண்டும் செயப்பாட்டு வினையிலிருந்து வந்தவை. ஒன்று அருள் செய்யப்பட்டவர், மற்றது இழக்கப்பட்டவர். அந்தக் காலத்தில் ஒரு மௌலவி வந்து இத்தா இருக்கச் சொல்லி எடுத்துச் சொன்னாராம். மூத்தம்மா சொன்ன பதில் இன்றைக்கும் குடும்பத்தில் எல்லோருக்கும் பாடம். "மையித்தக் காட்டுங்க, இருக்கன்."

வெள்ளைப் புடைவை உடுத்தாமல், அறைக்குள் போகாமல், ஒரு பெயரடையை மறுத்துக்கொண்டு 34 வருடம் அவர் வாழ்ந்திருக்கிறார். அதைத்தான் அவருடைய பேத்தி ஒரே சொல்லில் எழுதியிருந்தாள்.

இரண்டாம் பக்கத்தில் உரிய ஆளின் நிலை: மிஸ்ஸிங், டிசீஸ்ட், அதர். இங்கேதான் நாங்கள் நின்றோம்.

இந்த இடத்தில் நாட்டுக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். 2010 இல் வந்த 19 ஆம் இலக்கச் சட்டம், ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவருக்கு மரணப் பதிவு எடுக்க வழி செய்தது. பல குடும்பங்கள் வேண்டாம் என்றார்கள். உதவிப் பணத்துக்காக எங்கள் பிள்ளையை நாங்களே கொல்வதா என்று கேட்டார்கள். 2016 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வேறொரு பத்திரம் கொண்டுவந்தார்கள். சேர்ட்டிபிக்கட் ஒஃப் எப்ஸன்ஸ். எங்கள் இடாப்பில் வரும் அதே எப்ஸன்ட். நாளைக்கு வருவார் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சொல்லை அரசாங்கம் எடுத்து முத்திரை குத்தியது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் மரணம் என்ற சொல் இல்லாத ஒரு காகிதம் கிடைத்ததே என்று அதை வாங்கியவர்களையும் நாங்கள் அறிவோம்.

அதே 2016 இல்தான் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வந்தது. ஆங்கிலத்தில் மிஸ்ஸிங் பேர்ஸன்ஸ். இரண்டு வருடம் கழித்து, 2018 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தில் சொல் வேறு: வலிந்து காணாமலாக்கப்படுதல். வீதியில் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தாய்மாரின் பதாகையிலும் 'காணாமல் போனோர்' இல்லை, 'காணாமல் ஆக்கப்பட்டோர்'. தமிழ் ஆசிரியர்களுக்கு இது தன்வினை பிறவினை. தானாகப் போனது ஒன்று, பிறர் செய்தது மற்றது. ஒரு பெரிய வழக்கே அந்த 'ஆக்கப்பட்ட'வுக்குள் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இது அவ்வளவு சுகமில்லை. டிஸ்எப்பியர் என்பது செயப்படுபொருள் ஏற்காத வினை. 'அவர் டிஸ்எப்பியர் பண்ணப்பட்டார்' என்று பிள்ளை எழுதினால் நாங்கள் கீறுவோம், கீறித்தான் வந்திருக்கிறோம். ஆனால் இந்தப் பாவனை இன்றைக்கு உலக ஆங்கிலத்தில் உறுதியாக உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பெரிய காரணம் ஸ்பானிய மொழி. ஆர்ஜென்டினாவில் 1976 இலிருந்து 1983 வரை இராணுவ ஆட்சி. அந்த ஆட்சி பிடித்துக்கொண்டு போனவர்களை அங்கே தெஸாபரெசிதோஸ் என்றார்கள். 1977 ஏப்ரலில் அவர்களின் தாய்மார் புவனஸ் அயர்ஸின் மாயோ சதுக்கத்தில் கூடத் தொடங்கினார்கள், பிறகு தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வட்டமாக நடந்தார்கள். அவர்கள் உயிரோடும் இல்லை, இறந்தும் இல்லை, அப்படி ஒரு பொருளே இல்லை என்ற கருத்தில் 1979 இல் ஜெனரல் விதேலா பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொன்னார். அந்தச் சொல்லை மொழிபெயர்க்கப் போன ஆங்கிலம் தன் இலக்கணத்தையே கொஞ்சம் வளைத்துக்கொண்டது. இலக்கணப் புத்தகம் பிழை என்றதை அந்தத் தாய்மார் சரியாக்கினார்கள்.

இதெல்லாம் எங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் எங்களில் ஒருவரின் வீட்டுச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. 1990 செப்டம்பர் 5 ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களிலிருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். பிறகு வந்த ஜனாதிபதி ஆணைக்குழு அதை விசாரித்தது. அவர்கள் திரும்பவில்லை. அதில் ஒருவர் மாமா. மற்றப் படங்களுக்கெல்லாம் மாலை இருக்கிறது, சந்தனப் பொட்டு இருக்கிறது. மாமாவின் படத்துக்கு இல்லை. அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் கொடுத்ததில்லை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்கு ஊரே தீர்த்தமாடப் போகும். இறந்தவர்களின் பெயர் சொல்லி நீர் விடும்போது அம்மம்மா அந்தப் பெயரைச் சொன்னதில்லை. மாலை போடாத படமும் இத்தா இருக்காத மனைவியும் ஒரே சொல். கலாசாலை விடுதியில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தும் நாங்கள் இதை ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. அன்றைக்கு மூத்தம்மாவின் முற்றத்தில்தான் சொன்னோம். மூத்தம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ப்ளேன்டீக் கோப்பையை எடுத்து, "ஆறிப் போச்சு மகள், வேற ஊத்தித் தாரன்" என்று உள்ளே போனார்.

திரும்பி வந்ததும் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லி அவரிடமே கேட்டோம்.

காணாமல் போன?

"காணாமப் போறதுக்கு அவரென்ன ஆடா மாடா?"

காணாமல் ஆக்கப்பட்ட?

கொஞ்சம் யோசித்தார். "அது ஊர்வலத்தில சொல்ற சொல்லு. நல்ல சொல்லுதான். ஆனா மகள், காணாம எங்க ஆக்கின? கண்ட ஆக்கள் இருந்தாங்களே. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கக்குள்ளதான் இறக்கிக் கொண்டு போன."

அப்போதுதான் எங்களுக்கு அந்தச் சொல்லிலும் ஒரு ஓட்டை தெரிந்தது. டிஸ்எப்பியர்ட் என்றாலும் ஆக்கப்பட்ட என்றாலும் ஆக்கியவர் வசனத்துக்கு வெளியே நின்றுகொள்கிறார். மூத்தம்மாவுக்கு வேண்டியது வாகனம், வீதி, இறக்கிய கை. எப்டக்டட் போடலாமா, கிட்னாப்ட் போடலாமா என்று நாங்கள் இருவரும் எங்களுக்குள் பேசிப் பார்த்தோம். கிட்னாப் என்றால் காசு கேட்டுப் பிடிப்பது போன்ற ஒரு வாடை. எப்டக்ட் பொலிஸ் அறிக்கைச் சொல், சரியானதுதான், ஆனால் மூத்தம்மாவின் வாயிலிருந்து வராது. கடைசியில் எங்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்லுக்கு வந்தோம். டேக்கன். கொண்டு போகப்பட்டவர்.

படிவத்தில் அதர் என்ற பெட்டிக்குப் புள்ளடி போட்டு, பக்கத்தில் டேக்கன் என்று எழுதினோம். கடிதத்தில் பெயரடையே வைக்கவில்லை. இன்ன திகதி, இன்ன வீதி, வாகனத்திலிருந்து இறக்கினார்கள், நடத்திக் கொண்டுபோனார்கள் என்று மூத்தம்மா சொன்ன வரிசையில் வினைகளாக எழுதினோம். யார் என்பதையும் அவர் சொன்னபடியே எழுதினோம். வாசித்து, தமிழில் திருப்பிச் சொன்னோம். கடைச் சாவியைப் பற்றியும் போடச் சொன்னார். போட்டோம். கையெழுத்து இடத்தில் தன் பெயரை மெதுவாகத் தமிழில் எழுதினார்.

கொப்பி விடயம் மிச்சம் இருந்தது. அடுத்த நாள் அதைத் திரும்ப வாங்கினோம். லேட்டைக் கீறினோம். மிஸ்ஸிங்கின் மேல் இருந்த சிவப்புக் கோட்டை அழிக்க முடியாது, ஆகவே பக்கத்தில் அதே சொல்லைத் திரும்ப எழுதி, கீழே 'மன்னிக்கவும், இது சரி' என்று போட்டு இருவரும் ஒப்பமிட்டோம். புள்ளியை ஏழிலிருந்து ஒன்பதாக்கினோம். பத்து கொடுக்கவில்லை. வசனத்தில் இன்னொரு பிழை இருந்தது, முதல் தடவை அதைக் கவனிக்கவே இல்லை. 1990 இலிருந்து என்பதற்குப் பிள்ளை ஃப்ரொம் போட்டிருந்தது. சின்ஸ் என்று திருத்தினோம்.

இடைவேளையில் கொப்பியோடு வந்து மேசைக்கு முன்னால் நின்றது. மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சின்ஸைத்தான் விரலால் காட்டியது.

"டீச்சர், ஃப்ரொம் போட்டா எங்கயாவது முடியணும். சின்ஸ் போட்டா இன்னும் முடியல்லண்டுதானே?"

ஓம் மகள் என்றோம்.